பட்டன் பட்டி எந்தப் பக்கம்

பிப்ரவரி 3, செவ்வாய்

நாற்பது சட்டை. நாற்பதும் போச்சு.

காவலாளிகளுக்கான சாம்பல் நிறச் சட்டை. முன்பக்கத்து அளவு அட்டையைக் கவிழ்த்து வைத்து வெட்டிவிட்டேன். இருபத்திரண்டு வருடமாகக் கத்தரி பிடிக்கிற கை இது! ஆண்கள் சட்டையில், போட்டுக்கொள்கிறவரின் இடது பக்கம்தான் மேலே வந்து மூடும். காஜா, அதாவது பட்டன் ஓட்டை, இடதில்; பட்டன் வலதில். பெண்கள் சட்டைக்கு நேர்மாறு. நான் வெட்டியது நாற்பதும் நேர்மாறு. துணிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் உண்டு என்பதால் புரட்டிப் போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை.

காஜா அக்காதான் கண்டுபிடித்தாள். பதினைந்து வருடமாக எனக்குப் பக்கத்து மெஷினில் காஜா எடுக்கிறவள். மெஷினை நிறுத்திவிட்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "நாப்பது பொம்பளை செக்யூரிட்டிக்கு நான் எங்கடி போவேன்?" என்றாள்.

முதலாளி கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்குக் கத்தியே தொலைத்திருக்கலாம்.

பிப்ரவரி 5, வியாழன்

முதலாளி வருடத்துக்கு ஒரு நாள் எங்களை வெளியே கூட்டிப்போவார். போன வருடம் அணைக்கட்டு. இந்த வருடம் மலை உச்சியில் இருக்கிற போர் நினைவிடம். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பஸ், சாயங்காலம் வீடு. "நல்ல காத்து. நாட்டுக்காக உயிர விட்டவங்களையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்றார்.

அவருக்குத் தெரியாது. கடையில் யாருக்கும் தெரியாது. என் அப்பா அங்கேதான் இருக்கிறார்.

இருக்கிறாரா? அதுதான் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால் இல்லை என்பாள்.

ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், எனக்கே தெளிவாக இருக்கட்டும். அப்பா போருக்குப் போய்த் திரும்பாதபோது எனக்கு எட்டு மாதம். உடல் வரவில்லை, கடிதம் மட்டும் வந்தது. அந்த வருட வெள்ளம் வீட்டிலிருந்த படங்களைப் பெட்டியோடு கொண்டுபோய்விட்டது. பத்து வருடம் கழித்து மலைமேல் நினைவிடம் கட்டி, திறப்பு விழாவுக்கு அம்மாவை அழைத்தார்கள். அழைப்போடு ஒரு சின்னப் புத்தகம். அதில் தபால்தலை அளவில் இறந்தவர்கள் எல்லோருடைய முகமும் இருந்தது. அப்பா பெயருக்கு மேலே இருந்த முகத்தை அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "இது அவர் இல்ல" என்றாள்.

காரணம் ஒரு தழும்பு. கல்யாணமான முதல் வாரம், ராணுவத்தில் சேர்வதற்கு முன்னால், அப்பா கதவு நிலையில் இடித்துக்கொண்டாராம். வலது புருவத்துக்கு மேலே வெட்டு. படத்திலும் தழும்பு இருந்தது, ஆனால் இடது புருவத்துக்கு மேலே. "உனக்குப் பக்கம் மறந்துபோச்சுக்கா" என்று மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "கட்டுப் போட்டது நானா நீயா? தழும்பு யாருக்குத்தான் இல்ல? யாரோ ஒருத்தரோட பொண்டாட்டியா நான் போய் அங்க நிக்கணுமா?" என்றாள் அம்மா. புத்தகம் பீரோவுக்கு அடியில் போனது.

அன்றிலிருந்து இன்றுவரை எந்தப் படிவத்தில் யார் கேட்டாலும், என் பள்ளிக்கூடத்தில், வங்கியில், ஆஸ்பத்திரியில், கணவர் என்ற இடத்துக்கு அம்மாவின் பதில் ஒன்றுதான். "வெளியூர்ல இருக்கார்." ஆளை மாற்றிக் குழப்பிவிட்டார்கள், அவர் எங்கேயோ இருக்கிறார் என்பது அவள் கணக்கு. சின்ன வயதில் நானும் நம்பினேன். வாசலில் நிழல் ஆடினால் ஓடுவேன். இப்போது நம்பிக்கை போய்விட்டது, ஆனால் நமைச்சல் மட்டும் போகவில்லை. அந்த முகம் அவருடையது இல்லை என்றால் வேறு யாருடையது? அவருடையதுதான் என்றால் தழும்பு எப்படி இடம் மாறும்?

பிப்ரவரி 7, சனி

அம்மாவிடம் டூர் போகிறேன் என்றேன். "எங்க?" "மலைக்கு." அவ்வளவுதான் சொன்னேன். எந்த மலை என்று கேட்பாள் என்று பார்த்தேன். ஸ்வெட்டரை எடுத்து என் பையில் திணித்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தெரிந்துதான் கேட்கவில்லையா?

பிப்ரவரி 8, ஞாயிறு

வரிசையாக எழுத முயல்கிறேன்.

பஸ்ஸில் ஒரே கூத்து. வளைவுக்கு ஒரு தடவை காஜா அக்கா "ஐயோ" என்று என் மடியில் விழுந்தாள், பதினெட்டு தடவை. பஸ் நிற்கிற இடத்திலிருந்து படி ஏற வேண்டும். எண்ணினேன், எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. இருநூற்றுப் பதினாறு. மேலே ஒரு கல்தூண், காது அடைக்கிற காற்று, பின்னால் ஒரு நீளக் கூடம். கூடத்துச் சுவர்களில் வரிசை வரிசையாகப் படங்கள். மற்றவர்கள் வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனேன்.

நாலாவது வரிசை, ஏழாவது படம். அப்பாவின் பெயர்.

புத்தகத்தில் கழுத்துவரைதான் இருந்தது. இங்கே மார்புவரை, நல்ல பெரிய படம். முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றுமே தோன்றவில்லை. யாரோ ஒரு இளைஞன். தழும்பு இடது புருவத்தின் மேலேதான். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, வெட்கமாக இருந்தது. தொழில் புத்தி, கண் தானாகச் சட்டைக்கு இறங்கியது. காலர் நல்ல வேலை. தோள் கச்சிதம். பட்டன் பட்டி—

பட்டன் பட்டி தப்பான பக்கம்.

பின்னால் காஜா அக்கா. "இங்க வந்துமாடி தையல் பார்க்குற?" என்று கேட்டவள் தானும் உற்றுப் பார்த்தாள். "அட, மிலிட்டரிலயும் உன்ன மாதிரி ஒருத்தன் இருந்திருக்கான்! அட்டைய கவுத்து வெச்சு வெட்டியிருக்கான் பாரு."

செவ்வாய்க்கிழமை முழுக்கத் திட்டு வாங்கியிருக்காவிட்டால் என் கண்ணில் இது பட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன். கூடத்தைச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு படத்திலும் முகத்தைப் பார்க்காமல் பட்டன் பட்டியை மட்டும் பார்த்தேன். மன்னியுங்கள், தம்பிகளே. முன்னூற்றுப் பன்னிரண்டு படம். முன்னூற்றுப் பதினொன்று சரி. ஒன்றே ஒன்று மாறி இருந்தது.

ஒருவனுக்கு மட்டும் பெண்கள் சட்டை தைத்துக் கொடுக்குமா ராணுவம்? சட்டை மாறவில்லை. படம் மாறியிருக்கிறது.

கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஓய்வுபெற்ற சிப்பாய். ஈரத்துணியால் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தப் படங்களை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டேன். "வேலைக்குச் சேரும்போது எடுத்ததும்மா. ஃபிலிம் சுருள் மட்டும்தான் பத்திரமா இருந்துச்சு. திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கறப்போ ஒரே ஆள் உக்காந்து அத்தனையும் பிரிண்ட் போட்டாரு, சோறு தண்ணி இல்லாம."

"ஒரு ஃபிலிம திருப்பி வெச்சுட்டா?"

"இடம் வலமா விழும்." துணி பாதியில் நின்றது. "ஏம்மா?"

"நாலாவது வரிசை, ஏழாவது ஆள். நான் அவரோட பொண்ணு."

நாற்பத்தைந்து வயதில் முதல் முறையாக வாய்விட்டுச் சொல்கிறேன். அவர் என்னோடு வந்து, ஏற்கெனவே துடைத்திருந்த அந்தக் கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தார். அப்போது அழுதேன். அக்கா என் கையை விடவே இல்லை. திரும்பி வரும்போது பதினெட்டு வளைவிலும் அவள் ஒரு கேலி கூடப் பேசவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

"காத்து அடிச்சுதா?" என்று அம்மா கேட்டாள். "அடிச்சுது" என்றேன்.

பிப்ரவரி 11, புதன்

செல்போனில் எடுத்து வந்த படத்தைக் குளியலறைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தேன். கண்ணாடிக்குள் வலது புருவம். வலதுதான். அம்மா சொன்னது அத்தனையும் சரி.

ஆனால் எப்படிச் சொல்றது? நீ சொன்னது சரிம்மா, அதனாலதான் அது அவரேதான்னா? ஆள் மாறலம்மா, அவர் எங்கயும் இல்லம்மான்னா? அவளுக்கு அவர் முகத்தைக் கொடுத்து அவரையே பிடுங்கிக்கொள்வதா? சொல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அவளுக்கு வயது அறுபத்தாறு. வெளியூரிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே.

இன்று வெட்டியதை மூன்று தடவை சரிபார்த்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மதியச் சாப்பாட்டின்போது காஜா அக்காவிடம் முழுக்கதையும் சொல்லி, அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டேன். அவள் கை கழுவிக்கொண்டே சொன்னாள்: "அந்தம்மா சொன்னது சரின்னு இத்தனை வருஷத்துல ஒருத்தராவது சொன்னீங்களாடி? மத்தது கிடக்கட்டும். அத மட்டுமாவது போய்ச் சொல்லு."

இல்லை. ஒருத்தரும் சொல்லவில்லை. நானும்தான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அந்தப் படத்தை ஸ்டுடியோவில் கொடுத்து மலையில் இருக்கிறபடியே பெரிதாகப் போட்டு வாங்கியிருந்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். படத்தை நீட்டியதும், "இது அவர் இல்லன்னு அன்னைக்கே சொன்னேனே" என்றாள். கோபம்கூட இல்லை, அலுப்பு.

"நீ சொன்னது சரிம்மா. தழும்பு வலப்பக்கம்தான். நாங்கதான் நம்பல."

மடித்த துணி கையிலேயே நின்றது. பட்டன் பட்டியைக் காட்டினேன். என் நாற்பது சட்டைக் கதையைச் சொன்னேன், ஃபிலிமைச் சொன்னேன். பிறகு அவளைப் பீரோ கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, படத்தை அதற்கு எதிரே பிடித்தேன்.

அம்மா கண்ணாடிக்குள் பார்த்தாள். படத்தைத் தொடவில்லை, கண்ணாடியைத் தொட்டாள். புருவம் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"எவ்வளவு சின்ன வயசு" என்றாள். "கட்டுப் போடறப்போ அம்மான்னு ஒரு வார்த்தை சொல்லல. சிரிச்சுக்கிட்டே இருந்தாரு."

அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தேன், பார்க்க முடியவில்லை. நடுவில் தலையைத் தூக்கி, "ஒருத்தன் அவசரத்துல திருப்பி வெச்சான்னு நான் முப்பத்தஞ்சு வருஷம்—" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அந்த ஆளைத் திட்டப் போனாளா, இல்லை வேறு ஏதாவதா? எனக்கே தெரியவில்லை, அவனை நான் என்ன செய்ய? அவர் முகத்தை மறைத்தவனும் அவன்தான். அத்தனை வருடம் அவரை உயிரோடு வைத்திருந்தவனும் அவன்தான்.

பிப்ரவரி 16, திங்கள்

ஸ்டுடியோவிலிருந்து, சரியான பக்கமாகத் திருப்பிப் போட்ட படம் வந்துவிட்டது. அம்மா அதைப் பார்க்கிறாள், துணி மடிக்கிறாள், மறுபடி பார்க்கிறாள்.

பிப்ரவரி 19, வியாழன்

மலையிலிருந்து போன். அன்று என் நம்பரை வாங்கி வைத்த அந்தச் சிப்பாய். மேலே எழுதி அனுமதி வாங்கிவிட்டாராம், படத்தை மாற்றிவிடலாமாம். அம்மாவிடம் சொன்னேன். "நான் வர்ற வரைக்கும் கை வைக்க வேணாம்னு சொல்லு" என்றாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஐந்து வருடமாகக் கெஞ்சியும் வராத அம்மா, இன்று தானே கிளம்பி முட்டி வைத்தியத்துக்கு வந்தாள். அரை நாள் லீவு போட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் காவலாளி, சாம்பல் நிறச் சட்டை. கண் நேராகப் பட்டன் பட்டிக்குப் போனது. என்னுடையதேதான். முதலாளி எமகாதகர், ஆள் தேடிப் பிடித்துவிட்டார்! காஜா அக்காவிடம் சொல்ல வேண்டும்.

உள்ளே பதிவு மேசையில் ஒரு சின்னப் பெண் படிவம் நிரப்பினாள். என்ன தொந்தரவு என்று கேட்டாள். "முட்டி. இருநூத்துப் பதினாறு படி ஏறணும், அதுக்குத் தகுந்த மாதிரி பார்க்கச் சொல்லு" என்றாள் அம்மா. வயது, முகவரி. பிறகு "கணவர்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"மலை மேல இருக்கார்" என்றாள் அம்மா.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.