நேராகப் போன எண்ணெய்க் குழாய்

மச்சி,

நேற்று உன் வீட்டு கார் ஷெட்டில் பானெட்டைத் தூக்கினேன். கருகிய எண்ணெய் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்தும் அந்த வாசனை மட்டும் குடி மாறவில்லை. பின்னால் உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். காரை விற்கப் போகிறாராம். வாங்குகிறவருக்கு சூப்பர்சார்ஜர் வேண்டாமாம். அதைக் கழற்ற ஆள் தேடியபோது, மாட்டிய இரண்டு பேரில் மிச்சம் இருந்தவன் நான்தான். அதனால் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். இல்லையென்றால் அந்த கேட்டுக்குள் என்னை விடுவாரா? அந்தத் தடைக்குப் பின்னால் இருந்த நிஜம் உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். அதில் ஒருவன் செத்துப்போவது என்ன நியாயம்?

செத்துப்போனவனோடு சண்டை போடக்கூடாது என்கிறாள் என் அம்மா. நான் போடத்தான் போகிறேன். உயிரோடு இருந்தவரை நீ அதற்கு இடமே கொடுக்கவில்லை.

சாந்தோமிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஆங்கிலோ-இந்தியர் ஒருவர், சாமான்களைக் கழித்துக் கட்டும்போது உன் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது அந்த சூப்பர்சார்ஜர். பிஞ்சுப் பலாக்காய் அளவில் ஒரு உலோக உருண்டை. என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும், வண்டி பறக்கும் என்றாய். நீ அதை சூப்பர்சார்ஜர் என்று முழுசாக, நாக்கைச் சுழற்றிச் சொல்வாய். நான் ஊதாங்குழல் என்றேன். அடுப்பு ஊதுவதும் இதுவும் ஒன்றா என்று முறைத்தாய். ஒன்றுதான் என்று கடைசியில் நீயே கருக்கிக் காட்டினாய்.

சோழவரத்துக் கார் பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்பது உன் கனவு. பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும் என்பது என் கனவு. பார், அப்போதே நான் எவ்வளவு அடக்கமானவன்.

ஊதாங்குழலை என்ஜினோடு பிடிக்கும் தகட்டைப் பட்டறையில் அடித்து வாங்கிவிட்டோம். பெல்ட்டும் கிடைத்தது. பாக்கி இருந்தது எண்ணெய். உள்ளே சுழலும் பேரிங்குகளுக்கு என்ஜின் எண்ணெயிலிருந்தே ஒரு மெல்லிய குழாயில் கிளை பிரித்துக் கொண்டுபோக வேண்டும். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் அப்பாவை அரித்தெடுத்து, அவருக்குத் தெரிந்த வியாபாரியிடம் செம்புக் குழாய் வாங்கி வந்தேன். "ஏலே, அடுத்தவன் வண்டிக்கு நீ ஏன்லே குழாய் தூக்கிட்டு அலையுத?" என்றார். அடுத்தவன் இல்லை, என் மச்சி என்றேன். அவருக்கு மச்சி என்றால் சம்பந்தம் பேசுவது மட்டும்தான் தெரியும்.

செம்பை ஒரு தடவை வளைத்தால் வளைத்ததுதான். மாற்றி மாற்றி வளைத்தால் முறிந்துவிடும். அதனால் முதலில் சணல் கயிற்றை வைத்துப் பாதை பார்த்தோம். நினைவிருக்கிறதா? எண்ணெய் கிடைக்கிற துளை என்ஜினுக்கு இந்தப் பக்கம். ஊதாங்குழல் அந்தப் பக்கம், புகை வெளியேறும் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில். வண்டி ஓடினால் அந்த மேனிஃபோல்டில் தோசை சுடலாம். ஆகவே கயிற்றை என்ஜினுக்குப் பின்னால் சுற்றி, சூடு படாத தூரத்தில் கொண்டுபோனேன். நடுவில் ஒரு சுருள் விட்டேன், அதிர்வில் குழாய் விரிசல் விடாமல் இருக்க. கயிற்றின் வழியே செம்பை வளைத்தோம். வேலை முடிந்ததும் நீ தள்ளி நின்று பார்த்தாய். "இன்னாடா இது, ஜாங்கிரி மாதிரி கீது" என்றாய். உன் மெட்ராஸ் பாஷை எப்போதும் என்னிடம் கடன் வாங்கியதுதான். உன் வீட்டுக்குள் போனால் ஆத்துல, வந்துண்டு, போயிண்டு. என்னிடம் வந்தால் இன்னா, கீது. எந்த இடத்தில் எந்தப் பாஷை பேசுகிறாய் என்று அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடை விழாவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டுத் திரும்பியபோது என் ஜாங்கிரியைக் காணவில்லை. அறுத்து எடுத்துவிட்டு, குட்டையாக ஒரு புதுக் குழாயை மேனிஃபோல்டுக்கு மேலேயே நேராகப் போட்டிருந்தாய். பளபளவென்று தேய்த்து வேறு வைத்திருந்தாய். பந்தயத்தில் எல்லாரும் பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள், அங்கே பட்சணக் கடை மாதிரி இருந்தால் சிரிப்பார்கள் என்றாய். எண்ணெய் உள்ளேயே கருகி அடைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். சொன்னேனா இல்லையா? காற்று அடித்தால் ஆறிவிடும், உட்கார் என்றாய். உட்கார்ந்தேன். முன் சீட் ஆசை யாரை விட்டது?

அடையாறு பாலம் தாண்டியதும் நீ மிதித்தாய். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் வண்டி ஓடவில்லை, யாரோ பின்னாலிருந்து வாரித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊதாங்குழல் பாடியது. நீ பாடினாய். நானும் பாடினேன், அதை மன்னித்துவிடு. அப்புறம் தினமும் சாயங்காலம் போனோம். ஒரு நாள் ஊரூர் குப்பம் திரும்பும் இடத்தில் பாட்டு கீச்சென்று நின்றது. உருண்டை இறுகிவிட்டது. பெல்ட் எரிந்து புகை வந்தது. வலை காய வைத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, வண்டிக்குள்ள கருவாடா சுட்டுக்கினு கீற?" என்று கேட்டார். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. வீடு வரைக்கும் தள்ளினோம். வழியெல்லாம் நீ பேசவில்லை. வருத்தம் என்று நினைத்தேன். இப்போதுதான் தெரிகிறது, ஒத்திகை.

ஷெட்டில் உன் அப்பா குனிந்து பார்த்தார். உருண்டைக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எண்ணெய் ஏன் போகவில்லை என்று கேட்டார். நீ என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னாய்: "ஏதோ அடைச்சிண்டிருக்குப்பா. இவன்தான் வெளையாட்டா எதையாவது திணிச்சிருப்பான்."

நன்றாகத் தேர்ந்தெடுத்தாய். என் ஜாதகம் அப்படி. வாத்தியார் ஸ்கூட்டரின் புகைக் குழாயில் வாழைக்காயைச் செருகியவன் நான் என்று மயிலாப்பூருக்கே தெரியும். வேறு எவன் மேல் போட்டிருந்தாலும் ஒட்டியிருக்காது. நான் இல்லை சார் என்றேன். "வாழைக்காய் வெச்சப்பவும் இதையேதான்டா சொன்னே" என்றார். உன் பக்கம் திரும்பினேன். நீ டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் ஷெட்டைப் பூட்டிவிட்டு, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றார். பூட்டு விழுந்த சத்தத்தைவிட, பக்கத்தில் நீ விட்ட நிம்மதிப் பெருமூச்சுதான் எனக்கு நன்றாகக் கேட்டது.

மறுநாள் லஸ் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்தாய். அப்பா கோபம் தணியட்டும், நானே சொல்லிவிடுகிறேன் என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உனக்கின்னா மச்சி, திட்டு வாங்கிப் பழக்கம்தானே" என்றாய். குழாய்க்கு நேர்வழி பிடித்தவன், பேச்சுக்கு மட்டும் சுற்றுவழி பிடித்தாய். எனக்குத் திட்டு பழக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் வாங்கிய திட்டெல்லாம் நானே சம்பாதித்தது. ஓசியில் ஒன்றுகூட வாங்கியதில்லை.

காத்திருந்தேன். பந்தயம் வந்து போனது. உனக்கு மஞ்சள் காமாலை என்று யாரோ சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் அப்பா காபி வாங்கப் போன நேரத்தில் உள்ளே நுழைந்தேன். கண் மஞ்சளாக இருந்தது. என்ன மச்சி, கண்ணுக்கு மட்டும் கல்யாணமா, நலங்கு வைத்திருக்கிறார்கள் என்றேன். சிரித்தாய். "சொல்லிடறேன்டா" என்றாய். நான் எதுவும் கேட்காமலே சொன்னாய். நம்பினேன். அடுத்த முறை உன் தெருவுக்கு வந்தபோது வாசலில் மூங்கிலும் கீற்றுமாகக் கிடந்தது. நான் எதிர் மதிலோரம் நின்றுவிட்டுப் போனேன்.

நேற்றுக்கு வருகிறேன். குழாயைக் கழற்றினேன். உன் அப்பா மெதுவாகக் கேட்டார், கோபமெல்லாம் இல்லை: "எதைடா வெச்சு அடைச்சே? இப்பவாவது சொல்லேன்."

ஆக, நீ சொல்லவே இல்லை.

ஹாக்ஸா ரம்பத்தை எடுத்து, மேனிஃபோல்டுக்கு மேலே போன இடத்தில் குழாயை அறுத்து அவர் கையில் கொடுத்தேன். உள்ளே கரி. திணித்த கரி இல்லை. பால் அடிப்பிடிப்பது போல உள்பக்கம் முழுக்கப் பிடித்து, நடுவில் ஊசி நுழையக்கூட வழியில்லை. சூடு படாத முனையில் செம்பு சுத்தமாக இருந்தது. அவர் குழாயை மேனிஃபோல்டுக்கு மேலே பிடித்துப் பார்த்தார். கரி இருந்த இடமும் சூடு இருந்த இடமும் சரியாகப் பொருந்தின. இப்படிப் போட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. கையால் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அவனுக்குத் தெரியுமோ?"

இந்தக் கேள்விக்குத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன். கேட்டால் எப்படியெல்லாம் பதில் சொல்லலாம் என்று சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், நாலைந்து நல்ல நக்கல்கூட தயார். தெரியும் சார் என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் எப்படிப் போயிற்று என்று உனக்குச் சொல்லமாட்டேன். நீ பார்த்திருக்க வேண்டிய முகம் அது. நீ தப்பித்துக்கொண்டு அதன் எதிரில் என்னை நிறுத்திவிட்டாய். பானெட்டை இரண்டு கையாலும் மூடினார். "தப்பா நெனைச்சுட்டேன்டா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மாமிகிட்ட மட்டும் சொல்லாதே. தாங்கமாட்டா" என்றார். தலையாட்டினேன்.

உன் அம்மா காபியோடு வந்தார். எத்தனை நாளாச்சுடா பார்த்து என்றார். டம்ளரைக் கொடுத்துவிட்டு, என் தலையில் கையை வைத்து உன்னைப் பற்றிச் சொன்னார்.

"கடைசியா நெனைவு இருந்தப்போ உன்னைப் பத்திதான்டா பேசினான். 'அவன் வெளையாட்டுப் பையன்மா, தெரியாம பண்ணிட்டான், அவனை மன்னிச்சுடுங்கோ'ன்னான். நாங்க மன்னிச்சுட்டோம்டா கொழந்தே. நீ எதையும் மனசுல வெச்சுக்காதே."

உன் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தனை மூச்சு இருந்திருக்கிறது உனக்கு. என்னை மன்னிக்கச் சொல்லிச் சிபாரிசு பண்ணும் அளவுக்கு இருந்திருக்கிறது. 'நான்தான்' என்பது அதைவிடச் சின்ன வார்த்தை, மச்சி. ஒரே மூச்சில் முடிந்திருக்கும். அதைச் சொல்லாமல், பெரிய மனுஷனாக எனக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

சரி மாமி என்றேன். வேறு என்ன சொல்வேன்? காபியைக் குடித்தேன். அவர் கையை எடுக்கவே இல்லை. வருடிக்கொண்டே இருந்தார். டம்ளர் காலியான பிறகும் உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது மந்தைவெளி வரை சைக்கிளை ஏறி மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தேன்.

உன் பெயருக்கு வரவேண்டிய மன்னிப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. திருப்பித் தர ஆள் இல்லை. இது என்னுடையது இல்லை என்று மாமியிடம் சொல்லவும் முடியாது. இன்று காலையில் தலை வாரப் போய், சீப்பை எடுத்து, அப்படியே வைத்துவிட்டேன். மாமியின் அந்தக் கை உன் தலையில் இருந்திருக்க வேண்டியது.