நீ பூட்டி வைத்த பேக்கேஜ்

இன்று காலை வடக்கனந்தல் பள்ளிக் கம்ப்யூட்டரில் லினக்ஸை அப்கிரேடு செய்தபோது பாதியில் நின்றுவிட்டது. உடைந்த மென்பொருள் பேக்கேஜ்களைப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று திரை குற்றம் சொன்னது. நான் எதையும் பிடித்து வைக்கவில்லை. தேடிப் பார்த்தால், தமிழ் டைப்பிங் பேக்கேஜைப் புதுப்பிக்கக் கூடாதென்று யாரோ பூட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் என்னைத் தவிரப் பழுது பார்க்கக் கை வைத்தவன் நீ ஒருவன்தான்.

உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கள்ளக்குறிச்சியில் நாம் சேர்ந்து சர்வீஸ் கடை போட்ட நாளிலிருந்து எல்லோரும் கேட்டது உன்னைத்தான். "நீங்க வாணாங்க, அவர அனுப்புங்க" என்று என்னிடமே சொல்வார்கள். கல்வராயன் மலைப் பள்ளியில் நான் காலையெல்லாம் மல்லுக்கட்டிய மெஷினை நீ வந்து டீ கிளாஸைக் கீழே வைக்காமலே சரிசெய்தாய். உனக்கு மறுபடி டீ ஊற்றினார்கள். எனக்கு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. "அது இன்னா கேக்குதுன்னு படிச்சிப் பாருடா, திட்டாத" என்று எனக்குப் புத்தி வேறு சொன்னாய். பற்றிக்கொண்டு வந்தது.

நீ செத்த பிறகாவது உன் தப்பு ஒன்று என் கையில் சிக்கியதே என்று பூட்டை எடுத்தேன். உடைந்தவை எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்தன. "பழைய ஆளு போட்ட பூட்டு டீச்சர், அதான் மாட்டிக்கிச்சு" என்று அதில் டைப் அடிக்கும் கிளாரா டீச்சரிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அரையாண்டு வினாத்தாளை மதியத்துக்குள் கொடுக்க வேண்டிய அவசரத்தில் அவர் அடிக்க உட்கார்ந்தார். விசைகளைப் பார்க்காமலே அடிக்கிறவர். ஒரு வரி முடித்து நிமிர்ந்தார்.

"இன்னாங்க, எழுத்தெல்லாம் மாறி வருது?"

புதிய பேக்கேஜில் விசைகளின் வரிசை வேறு.

"அதுக்குத்தாங்க அவரு பூட்டி வெச்சாரு. கை பழகினது மாறக்கூடாது டீச்சர்னு சொல்லிக்கினே செஞ்சாரு" என்றார் டீச்சர்.

என்னிடம் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய வரிசையைத் தனியாக எழுதிப் புதியதில் சேர்த்துக் கொடுத்தேன். உன் பூட்டைவிட நல்ல வழி அது, இனி எந்த அப்கிரேடும் அதனால் நிற்காது. டீச்சர் அடித்துப் பார்த்துவிட்டு, "அவரு வெச்சிருந்த மாதிரியே இருக்குதுங்க" என்றார். பாராட்டத்தான் சொன்னார். வண்டியில் வரும் வழியெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

ஊரில் இப்போது புதுக் கடைகள் நிறைய வந்துவிட்டன. அவர்கள் வேலையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. பொறாமைப்படுகிற அளவுக்கு அவர்களில் ஒருவனும் இல்லை. அதனால் இன்னமும் உன்மேலேயே பட்டுக்கொண்டிருக்கிறேன்.