பயோடேட்டாவில் ஒரு வரி

பிப்ரவரி 3, திங்கள்

திருமழிசைக் கம்பெனியை மூடி இரண்டு மாதம். பதினேழு வருடம் அங்கே தரச் சோதனை சூப்பர்வைசர் நான். இதுவரை அனுப்பிய பயோடேட்டா எதற்கும் பதில் இல்லை. கரையான்சாவடி பிரவுசிங் சென்டர் பூபாலன் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "இன்னா சார், இந்த வேல பாத்தேன், அந்த வேல பாத்தேன்னு எழுதிக்கினு கீற? நீ இன்னா சாதிச்சன்னு நம்பரோட போடு. அதான் எடுபடும்."

என்ன சாதித்தேன்?

பிப்ரவரி 5

எழுதிவிட்டேன். 'நூற்றுக்கு ஒன்பதாக இருந்த ரிஜெக்ஷனை இரண்டாகக் குறைத்தேன்.' நம்பர் உண்மை. செய்தது ரேணுகா, என் கீழே வேலை பார்த்த கான்ட்ராக்ட் பெண். அச்சிலிருந்து சூடாக விழும் பிளாஸ்டிக் மூடிகளைக் குவித்துப் போடுவதால்தான் அவை வளைகின்றன என்று கண்டுபிடித்தவள் அவள். ட்ரேயில் தனித்தனியாகப் பரப்பி ஆறவைத்தவளும் அவள்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன் — சரி, தடுக்கவில்லையே? எல்லாரும் இப்படித்தானே எழுதுகிறார்கள்?

பிப்ரவரி 19

அம்பத்தூரில் வேலை கிடைத்துவிட்டது! நேர்காணலில் மேனேஜர் ஸ்ரீநாத் அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். ரேணுகா அன்று எனக்கு விளக்கியதை அப்படியே ஒப்பித்தேன். வீட்டில் என் மனைவி சாமுண்டீஸ்வரி கேசரி கிளறினாள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 20

ரிசப்ஷனில் ரேணுகா. மடியில் ஃபைல். சோதனைப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்ததுமே ஸ்டோருக்குள் புகுந்துகொண்டேன். அவள் போகும்வரை அட்டைப் பெட்டிகளைச் சரிபார்ப்பதுபோல நின்றேன். நாற்பத்தெட்டு வயது எனக்கு.

மார்ச் 21

போன் செய்தாள்.

"சார், அந்த ட்ரே மேட்டரச் சொன்னேன். 'பொய் சொல்லாதம்மா, அதப் பண்ணவரு இங்கதான் கீறாரு'ன்னு சிரிச்சிட்டாங்க. யாருன்னு கேட்டேன். உங்க பேரச் சொன்னாங்க. நீங்களா சார்?"

"இல்ல ரேணுகா, அது வந்து—" என்றேன்.

வைத்துவிட்டாள். திட்டியிருக்கலாம். ஐயோ, நாலு வார்த்த திட்டியிருந்தா நல்லா இருந்திருக்குமே! பொய்க்காரின்னு பேர் வாங்கிக்கினு போய்ட்டா. என்னால.

மார்ச் 22

ஸ்ரீநாத் அறை வாசல்வரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் திரும்பிவிட்டேன்.

மார்ச் 24

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே. ஸ்ரீநாத் என் பயோடேட்டாவை எடுத்து, அந்த வரிமேல் விரல் வைத்தார். "இத நம்பித்தான் சார் உங்கள எடுத்தோம்." மாலையில் வேலைநீக்கக் கடிதம் கையில் வந்தது.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். சாமுண்டீஸ்வரி, "அந்தப் பொண்ணுக்கு எத்தினி பசங்க?" என்று கேட்டாள்.

தெரியாது. ஆறு வருடம் என்னோடு வேலை பார்த்தவள்.

ஏப்ரல் 9

இன்றும் ஒரு இடத்தில் 'சொல்லி அனுப்புறோம்' என்றார்கள்.

சாயங்காலம் ரேணுகாவின் பெயர் போனில் வந்ததும் எடுத்தேன். போன வாரம் அம்பத்தூரில் அவளைக் கூப்பிட்டு வேலைக்கு எடுத்துக்கொண்டார்களாம். அவள் என் நலம் விசாரிக்கவில்லை.

"சார், ரிப்போர்ட் எழுதச் சொல்லிகீறாங்க. எப்டி எழுதறது?"

சொன்னேன். முதலில் தேதி, அப்புறம் எண்ணிக்கை, கோளாறு, காரணம், செய்த மாற்றம். ஒவ்வொன்றையும் எழுதி முடித்து "ம்" என்றாள்.

"கடைசியில உன் பேர் போட்டு கையெழுத்துப் போடும்மா."

"அது தெரியும் சார்," என்றாள்.