காக்கிச் சட்டைக்கு உன் அளவு

என் பேச்சிக்கு,

தாராவியில் மழை விட்டாயிற்று. கடைக்குள் தண்ணீர் வரவில்லை. மெஷின்கள் சௌக்கியம், நானும் சௌக்கியம். மீசைக்கு மை பூசுவதை மட்டும் விட்டுவிட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

போன மாதம் ஒரு டிவி தொடருக்கு உடை தயார் செய்கிற அம்மா கடைக்கு வந்தார். ஜெயில் கதையாம், காவலர் சட்டைகள் தைக்க வேண்டுமாம். ஆண்களுக்கு எல்லாம் சாதாரண அளவு. பெண் காவலர் இரண்டே பேர். ஒருத்தி கொடுமைக்காரி, அவளுக்குத் தோளிலும் வயிற்றிலும் பஞ்சு வைக்க வேண்டும். இன்னொருத்தி நல்லவள், அவளுக்கு மூச்சுவிட முடியாதபடி இறுக்கிப் பிடிக்க வேண்டும். கதையையும் கேட்டேன். ஆண் காவலருக்கு வீடு, பெண்டாட்டி, கவலை எல்லாம் இருக்கிறது. இவர்கள் இரண்டு பேருக்கும் லத்தி மட்டும்தான்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. இருபது வருஷம் பெண்கள் ஜெயிலில் காவல் பார்த்தவள் நீ. இதைப் பார்க்கிறவர்கள் நீயும் இப்படித்தான் இருந்திருப்பாய் என்று நினைத்துவிட்டால்?

இரண்டு சட்டையையும் உன் அளவிலேயே தைத்துவிட்டேன். ஆர்டர் போனால் போகட்டும் என்ற திமிர்தான்.

கொடுமைக்காரியாக நடிக்கிற பெண் போட்டுப் பார்க்க வந்தாள். பக்கத்து மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், உன்னை மாதிரியே ஒல்லி. பஞ்சு எங்கே என்று கேட்டாள். உன்னைப் பற்றிச் சொன்னேன்.

"மாமிக்குக் கோபம் வந்தா எப்படி இருப்பா?"

"பேசவே மாட்டா தாயி. ரெண்டு நாளைக்கு எனக்குச் சோறு வரும், கொழம்பு வராது."

அவள் சிரித்த சிரிப்பில் சட்டையில் குத்தியிருந்த ஊசிகள் எல்லாம் கழன்றுவிட்டன. பிறகு, பூட்டுவதற்கு முன் கைதிகளை எண்ணும்போது ஒரு தலை கூடிப்போன கதையைச் சொன்னேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எப்படிச் சொன்னாய்? "மூணு வாட்டி எண்ணிட்டேங்க, எனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டுன்னு நினைச்சேன். பாத்தா, பிரசவம் முடிஞ்சு வந்தவ மடியில கிடக்க பச்சப்பிள்ளையையும் சேத்து எண்ணியிருக்கேன்."

நேற்று அந்தப் பெண் போன் பண்ணினாள். பஞ்சு இல்லை என்று டைரக்டர் முதலில் கத்தினாராம். நீ தலை எண்ணிய கதையை இவள் சொன்னதும் அப்படியே ஒரு காட்சி எடுத்துவிட்டாராம். நல்லவளின் சட்டையை மட்டும் அவர்களே வாங்கிப்போய் இறுக்கிவிட்டார்கள். பாதிதான் ஜெயித்தேன் பேச்சி.

இன்னொன்று கேள். உன்னை வைத்து எழுதிய அந்தக் காவலருக்கு இப்போது ஒரு வீடும், தையல்காரப் புருஷனும் எழுதியிருக்கிறார்களாம். அந்தப் புருஷனுக்குத் தலை நிறைய முடியாம். சிரிக்காதே.

கதையில் அவளும் உன்னை மாதிரிப் பாதியிலேயே செத்துப்போகிறாளா என்று கேட்டேன்.

"இல்ல மாமா, கடைசிவரைக்கும் இருக்கா."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

தொடர் வரட்டும். ஒருநாள் விடாமல் பார்க்கிறேன். அவள் நடை உன் நடைதானா என்று பொய் கலக்காமல் உனக்குச் சொல்கிறேன்.

டேப்பே எடுக்காமல் உனக்குச் சட்டை தைத்த
உன் வீட்டுக்காரன்