நாள் குறிக்காத பிள்ளை

வடமதுரை
4-2-1963

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். பொன்னழகு நேற்று கோழியைத் துரத்திப் போய் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். நான்கு வயதில் இது சகஜம்தான். உங்கள் இருமல் நின்றதா? கேட்டதற்குப் பதில் எழுதும் வழக்கம் உங்களுக்கு இல்லை என்பதால் மறுபடியும் கேட்கிறேன்.

நேற்று அத்தையோடு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தார். இந்தப் பிள்ளைக்குத் தலை கீழே இருக்கிறதாம். பொன்னழகு குறுக்கே கிடந்ததால்தான் வயிற்றை அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. உன் இடுப்பில் குறையில்லை, தையலும் நன்றாக ஆறியிருக்கிறது, இதைத் தானாகப் பெற முயன்று பார்க்கலாம் என்றார்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "அறுத்துத் தச்ச வயிறும்மா. முக்குனா பிரிஞ்சிராதா?"

"பிரியலாம்" என்றார் டாக்டரம்மா. மறைக்கவில்லை. நூற்றில் ஒருத்திக்குப் பிரியும், பிரிந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. அதனால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஒன்பதாம் மாதம் முதல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும். வலி எடுத்ததும் வந்துவிட வேண்டும். சரிவராவிட்டால் அப்போதே அறுத்துவிடுவார்கள்.

திரும்பும் வழியில், பஸ்ஸில் ஒருவன் முருங்கைக்காய்க் கட்டை என் பக்கம் சாய்த்தபோது அத்தை, "ஏலே, பிள்ளத்தாச்சி உக்காந்திருக்கா, கண்ணு தெரியலையா?" என்று கத்தினாள்.

நான் முயன்று பார்க்க விரும்புகிறேன். உங்களிடம் சொல்லிவிட்டுத்தான்.

உங்கள்
வள்ளி


பிலாய்
13-2-1963

அன்புள்ள வள்ளிக்கு,

இருமல் நின்றுவிட்டது. பதில் எழுதிவிட்டேன், பார்.

உன் கடிதத்துக்கு முந்தின நாளே அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது, யாரைக் கொண்டோ எழுதவைத்திருக்கிறாள். ஜோசியரிடம் நாள் கேட்டிருக்கிறாள். எப்படியும் அறுக்கத்தான் போகிறார்கள், நல்ல நட்சத்திரத்தில் அறுக்கட்டும் என்கிறாள். ஏப்ரல் பத்தாம் தேதியாம். அதற்கு நான் விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே உருக்காலையில் தேதி இல்லாமல் விடுப்பு இல்லை.

ஆனால் அது காரணமில்லை.

பொன்னழகு பிறந்த அன்று நான் நின்ற அந்த வராந்தாதான். நீ உள்ளே இருந்தாய். யாரோ ஒரு தாளை நீட்டினார்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டேன். பிறகு புண்ணில் சீழ், காய்ச்சல். மாதக்கணக்கில் உன்னால் பிள்ளையைத் தூக்க முடியவில்லை. அப்படியும் பிழைத்தாயே என்று இருந்தது.

நூற்றில் ஒருத்தி என்கிறாய். எனக்கு நூறு பேர் இல்லை.

தேதியோடு முடியட்டும், வள்ளி.

உன்
பொன்னுத்துரை


வடமதுரை
20-2-1963

அத்தானுக்கு,

உங்கள் பயத்தை எழுதியிருக்கிறீர்கள். இதுதான் முதல் தடவை. என்னுடையதையும் எழுதுகிறேன்.

அன்று அறுத்ததில் எனக்கு வருத்தமில்லை. அறுக்காவிட்டால் நானும் இல்லை, அவளும் இல்லை. ஆனால் அவர்கள் வராந்தாவில் உங்களைக் கேட்டார்கள். உள்ளே நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். காது கேட்டது. ஒருவர்கூட என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தில் எதையோ வைத்து மூடினார்கள். கண் திறந்தபோது மறுநாள். அதற்குள் பொன்னழகை ஊரே பார்த்து முடித்திருந்தது. "இந்தா, இதான் ஒம்புள்ள" என்று அத்தை காட்டினாள். நம்பினேன். வேறென்ன செய்ய?

அறுக்க வேண்டி வந்தால் இப்போதும் அறுக்கட்டும். என்னைக் கேட்டுவிட்டு அறுக்கட்டும்.

சம்மதிக்க மாட்டேன் என்றால் எழுதுங்கள். பத்தாம் தேதி போய்ப் படுத்துக்கொள்கிறேன். அதன்பிறகு உங்களிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்காது.

வள்ளி


பிலாய்
6-3-1963

அன்புள்ள வள்ளிக்கு,

பத்து நாளாக எழுத உட்காருகிறேன். எழுந்துவிடுகிறேன்.

நீ விழித்திருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. கேட்காததால் தெரியாது.

பத்தாம் தேதி விடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சேர்ந்திருக்கும் விடுப்பு முழுவதையும் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து கேட்டேன். மேலதிகாரி, "பிரசவம் எந்தத் தேதி?" என்றார். தெரியாது என்றேன். "மனைவிக்காவது தெரியுமா?" அவளுக்கும் தெரியாது என்றேன். என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். உன்னைத்தான் திட்டுவாள். பொறுத்துக்கொள்.

பயம் போகவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

உன்
பொன்னுத்துரை


திண்டுக்கல், பேகம்பூர்
22-3-1963

அன்புள்ள அத்தானுக்கு,

அத்தை என்னைத் திட்டவில்லை. நேராக ஜோசியரிடம் போய்த்தான் சண்டை போட்டாளாம். "இந்த மாசம் எந்த நாளும் குத்தமில்லேன்னு சொல்லிட்டான், போ" என்று ஒரு மூட்டை அரிசியோடு என்னுடன் புறப்பட்டுவிட்டாள். பொன்னழகும் வந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நஜ்முன்னிசா அக்கா வீட்டில் வாடகைக்கு ஓர் அறை. காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப் வாடை வருகிறது. தண்ணீர் உப்பு. அக்காவும் அத்தையும் நாள் முழுக்க மோதிக்கொள்கிறார்கள்.

"வலி வந்தா சத்தம் போடு புள்ள. பொத்திப் பொத்தி வச்சா யாருக்குத் தெரியும்?" என்பாள் அக்கா.

"கத்துனா அக்கம்பக்கத்துல என்ன நெனப்பாக?"

"புள்ள பொறக்குதுன்னு நெனப்பாக!"

சிரித்தால் வயிறு இழுக்கிறது. தழும்பில் கை வைத்துப் பார்க்கிறேன். எனக்கும் பயம்தான் அத்தான். உங்களுக்கு மட்டுமே இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்
வள்ளி


வடமதுரை
19-5-1963

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த கடிதம் வந்தது. தம்பி பால் குடித்துவிட்டுத் தூங்குகிறான். ஜோசியரின் பத்தாம் தேதியை அவன் மதிக்கவே இல்லை. நம் எல்லோரையும் ஒரு வாரம் காக்கவைத்தான். அத்தை அதற்கும் ஒரு பெருமை கண்டுபிடித்துவிட்டாள்: "எம்பேரன் அவசரப்பட மாட்டான்."

அன்று நீங்கள் வராந்தாவில் இருந்தீர்கள். உள்ளே நடந்ததில் ஒன்று உங்களுக்குத் தெரியாது.

வெயில் ஏறிவிட்டது. வலி வருவதும் ஓய்வதுமாக இருந்தது, பிள்ளை இறங்கவில்லை. டாக்டரம்மா வெளியே போனார். கதவைச் சாத்தவில்லை. "நேரம் ஆகுது. அறுத்திரலாமா? என்ன சொல்றீங்க?" என்று உங்களிடம் கேட்டது எனக்குக் கேட்டது. நீங்கள் உடனே பதில் சொல்லவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று தெரியவில்லை. வலியைவிட நீளமாக இருந்தது. பிறகு உங்கள் குரல். "அவளைக் கேளுங்க டாக்டரம்மா. முழிச்சுத்தான் இருக்கா."

அவர் வந்து என் முகத்தருகே குனிந்து கேட்டார்.

நான் உறுதியாக நின்றேன் என்று ஊரில் பேசுகிறார்கள். நஜ்முன்னிசா அக்கா தெருத்தெருவாகச் சொல்லிவிட்டாள். உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்: அறுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். போதும் என்றிருந்தது. சொல்லியிருந்தால் ஒரு வருத்தமும் இருந்திருக்காது. கேட்டார்களே.

சொல்வதற்குள் ஒரு வலி வந்தது. முன்னால் வந்தவை மாதிரி இல்லை. "இரும்மா, இரு, தலை தெரியுது" என்று டாக்டரம்மா கையைப் பிடித்தார்.

நீலம் பாரித்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வந்தான். அழுதான். அவனை முதலில் பார்த்தது நான்தான்.

பிறகு நீங்கள் உள்ளே வந்தீர்கள். சிரித்தேன். ஏன் என்று கேட்டீர்கள். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தீர்கள், அவ்வளவுதான்.

நேற்று டாக்டரம்மா பார்த்துவிட்டு, இனி எல்லா வேலையும் செய்யலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் பொன்னழகைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். நன்றாகக் கனக்கிறாள். அதிலிருந்து விடமாட்டேன் என்கிறாள். இப்போதும் கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. பேனாவை வைக்கிறேன்.

உங்கள்
வள்ளி