மிலிட்டரி லாரிக்குப் பூ கேட்டது

பிப்ரவரி 20, ஞாயிறு

இன்றைக்கும் லாரிப் பேச்சுதான். இட்லிக்கும் லாரி, சட்னிக்கும் லாரி. மிலிட்டரிக்காரர்கள் ஓட்டிக் கழித்த வண்டிகளை ஏலத்தில் எடுத்து ஹொஸ்கோட்டை பக்கம் யார்டில் நிறுத்தி விற்கிறார்களாம். நாலு சக்கரமும் இழுக்குமாம், சேற்றில் மாட்டாதாம். அதன் மேல் தொட்டியை ஏற்றி, சர்ஜாபுரம் தாண்டிக் கட்டிக்கொண்டிருக்கும் லேஅவுட்டுகளுக்குத் தண்ணீர் அடிக்கலாமாம். மழை பெய்தால் மற்ற டேங்கர் எதுவும் உள்ளே போகாது, இவர் மட்டும் போவாராம்.

"இருவது வருஷமா இன்னொருத்தன் டேங்கர ஓட்டறேன் யசோ. சாவறதுக்குள்ள என் பேர்ல ஒரு வண்டி ஓடணும்" என்றார்.

சாவதைப் பற்றி இந்த மனுஷன் இவ்வளவு சாதாரணமாகப் பேசுவதுதான் எனக்கு ஆகவில்லை. போன வருடம் ஓசூர் ரோட்டில் மேம்பாலம் இறங்கும்போது ஓனர் வண்டிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. சுவரில் உரசி நிறுத்தினார். நான் வேலை செய்யும் நர்சிங் ஹோமுக்கே தூக்கி வந்தார்கள். ரிசப்ஷனில் நான்தான் இருந்தேன். பெயர்: பெருமாள்சாமி. உடன் வந்தவர்: மனைவி. என் கையாலேயே எழுதினேன். தோள் வலி போய்விட்டது என்கிறார், அது பொய்.

பிப்ரவரி 23

தெய்வமாகப் பார்த்து ஒரு வழி காட்டியது. எங்கள் டாக்டர் அலர்மேல்மங்கை மேடத்தின் கார் டிரைவர் வேலையை விட்டுவிட்டானாம். "யசோதா, உங்க வீட்டுக்காரர் வருவாரா? காலைல கிளினிக், சாயந்திரம் வீடு, அவ்வளவுதான்" என்றார். காலில் விழாத குறை.

வீட்டில் சொன்னேன். "கார் கதவத் தொறந்து விடறதுக்கா ஹெவி லைசென்ஸ் எடுத்தேன்?" என்றார். ரூபினி சிரித்தாள். காலேஜ் போகிற பெண், அப்பாவின் ஜோக்குக்குச் சிரிக்க இவளுக்கு நேரம் காலம் தெரியவில்லை.

பிப்ரவரி 27, ஞாயிறு

யார்டுக்குப் போய்விட்டு மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கிறார். அடுகோடி நாகேஷைக் கூட்டிக்கொண்டு போனார். நாகேஷ் மெக்கானிக், புது வண்டியிலேயே குறை கண்டுபிடிக்கிறவன். அவனே, "அக்கா, சேஸிஸ்ல ஒரு வெல்டிங் கெடையாது. இன்ஜின் கும்முனு இருக்குது. டயரு மட்டும்தான் போயிருக்கு. அண்ணனுக்கு லக்கு" என்கிறான்.

இவனையும் நம்பியிருந்தேன். போச்சு.

மார்ச் 2

வெள்ளிக்கிழமை பூ கேட்கலாம் என்றார். அதுதான் கடைசித் தீர்ப்பு. எங்கள் தெரு மாரியம்மனைக் கேட்காமல் இவர் எதுவும் செய்வதில்லை. ரூபினியைக் காலேஜில் சேர்க்கவும் கேட்டோம், மாடியில் ரூம் கட்டவும் கேட்டோம். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் போட்டு யாராவது ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். மாடி ரூமுக்குச் சிவப்பு வந்தது, இறக்கிய செங்கல்லைத் திருப்பி அனுப்பினார்.

பொட்டலம் கட்டுவது கல்யாணம் ஆனதிலிருந்து என் வேலை.

எழுதாமல் விடுகிறேன். நினைத்ததை எல்லாம் எழுத வேண்டுமா என்ன.

மார்ச் 4, வெள்ளி

செய்துவிட்டேன்.

இரண்டிலும் சிவப்பு வைத்துக் கட்டினேன். தாயே, எந்தக் குழந்தை எதை எடுத்தாலும் நீ வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். உன்னைப் பேசவிடாமல் நானே உன் வாயில் வார்த்தையை வைத்துவிட்டேன்.

குழந்தை எடுத்த பொட்டலத்தைப் பூசாரி உத்தமன் பிரித்துக் காட்டினார். சிவப்பு. இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உத்தமன் இன்னொன்றையும் பிரிக்கக் கை நீட்டினார். குனிந்து கும்பிடுகிற மாதிரி அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வரும் வழியில் சாக்கடையில் போட்டேன். சாமி பூவைச் சாக்கடையில் போட்ட கை இது.

பரவாயில்லை. அவர் உயிரோடு இருக்கட்டும். பாவம் எனக்கு வரட்டும்.

மார்ச் 5

தூக்கம் வரும் என்று நினைத்தேன். எங்கே.

மார்ச் 8

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். காலையில் டீ குடித்துக்கொண்டே சொல்கிறார்: "அம்மா அந்த வண்டிய வேணாம்னுதான சொன்னா? வண்டியே வேணாம்னு சொல்லலையே."

இந்த ஓட்டை எனக்கு ஏன் தோன்றவில்லை? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இந்த மனுஷனைத் தெரியவில்லையே எனக்கு.

மஞ்சுநாத் என்று ஒரு புரோக்கராம். வேறு யார்டில் வேறு வண்டி காட்டுகிறானாம். நாகேஷ் தன் அக்கா மகள் கல்யாண வேலையாகக் கிருஷ்ணகிரி போயிருக்கிறான். அவன் வரட்டும் என்றேன். "அவன் பார்த்த வண்டியத்தான் அம்மா வேணாம்னுட்டா" என்று என்னிடமே சொல்கிறார். என் பொய் என்னிடமே திரும்பி வந்து பதில் பேசுகிறது.

மார்ச் 13, ஞாயிறு

அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார், பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கு.

மிலிட்டரிப் பச்சையில் நாம் ரோட்டில் ஓட்டக்கூடாதாம், அதனால் முன்பே மஞ்சள் அடித்து வைத்திருக்கிறார்கள். டயர் எல்லாம் புதுசு. "ஒள்ளே காடி அக்கா, நல்ல வண்டி. சுமார் வண்டி நான் காட்டவே மாட்டேன். பெயிண்ட் பாருங்க, ஹேகிதே?" என்றான் மஞ்சுநாத், பாதி கன்னடத்தில். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னையும் ஏறச் சொன்னார், ஏறினேன்.

ஏறினதும் அந்த நாற்றம். ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள், அதற்கு அடியில் அது இருந்தது. மர்பி டவுனில் இருந்தபோது எங்கள் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்த வருடம் பீரோவைத் திறந்தால் ஒரு நாற்றம் வருமே, அதேதான். எத்தனை தடவை துடைத்தேன் அந்தப் பீரோவை, எனக்குத் தெரியாதா? சீட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். கோதுமை மாவு மாதிரி வண்டல்.

வண்டி எங்கேயோ வெள்ளத்தில் மூழ்கி நின்றிருக்கிறது. உள்ளே இவ்வளவு மண் என்றால் பிரேக்கில் எவ்வளவு?

பஸ்ஸில் வரும்போது சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உனக்கு எந்த வண்டிதான் ஆவுது? ஏரோப்ளேன் வாங்கினாலும் நாத்தம் அடிக்குதுன்னுவ."

புலி வருது கதைதான். இந்தத் தடவை நிஜமாகவே வருகிறது, கேட்க ஆள் இல்லை.

மார்ச் 16

நாகேஷுக்குப் போன் செய்தேன். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "வந்து பாக்கறேன் அக்கா" என்றது மட்டும் கேட்டது. என்றைக்கு வருவான்? திங்கட்கிழமை முழுப்பணமும் கொடுக்கிறாராம்.

மார்ச் 18, வெள்ளி

இந்த வண்டிக்கும் பூ கேட்டார். இந்தத் தடவை பொட்டலத்தை அவரே கட்டினார். "உனக்குத்தான் மனசு சரியில்லையே, நீ உக்காரு" என்றார். தெரிந்துவிட்டதோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். தெரியவில்லை. நிஜமாகவே என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அது இன்னும் மோசம்.

வெள்ளை வந்தது.

வெள்ளை! தாயே, நல்ல வண்டிக்கு நான் உன்னை வாய் திறக்க விடவில்லை, அதற்காக இந்த வண்டிக்குச் சரி என்பாயா? என் மேல் கோபம் என்றால் என்னைக் கேளேன். அந்த ஆளை ஏன் பிரேக் இல்லாமல் இறக்கத்தில் கொண்டு போய் நிறுத்துகிறாய்?

இவர் ஆனந்தத்தில் தெருவுக்கே பொரி கடலை கொடுத்தார்.

மார்ச் 19

ரூபினியிடம் சொல்லலாமா? அவள் நேராக அப்பாவிடம் ஓடுவாள். பேசாமல் இருந்துவிடலாமா? நர்சிங் ஹோமில் இன்று ஒரு பெண் கூட்டி வந்த ஆளுக்கு அட்மிஷன் போடும்போது "உறவு?" என்று கேட்டேன். பதிலை எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

மார்ச் 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ரூபினி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். இவர் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நினைத்தேன், அதற்குள் வாய் சொல்லிவிட்டது. "மொத வண்டிக்குக் கேட்டப்போ ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதாங்க வெச்சேன்."

முதலில் புரியவில்லை அவருக்கு. "எந்தப் பொட்டலம்?" என்றார். பிறகு கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அம்மாகிட்டயா?"

"அம்மாகிட்டதான்."

"எதுக்கு?"

"நீங்க செத்துடுவீங்கன்னு."

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

அப்போதுதான் எனக்கும் வந்தது. பயந்து பயந்து பேச வந்தவளுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "நீங்க நாகேஷக் கேட்டீங்க. மஞ்சுநாத்தக் கேட்டீங்க. அம்மனக் கேட்டீங்க. என்னைய எப்போ கேட்டீங்க? ஸ்ட்ரெச்சர்ல வந்தப்போ உங்க பேர எழுதுனது நான்தான. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நான் நிறுத்தவில்லை. "நான் அம்மாகிட்ட பொய் சொன்னது நெஜம். அந்த வண்டி தண்ணில நின்னதும் நெஜம். ஒண்ண வெச்சு இன்னொண்ண தள்ளிடாதீங்க."

கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். பாதிப் பொங்கல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

மார்ச் 21

பேசவில்லை. பணமும் கொடுக்கப் போகவில்லை.

மார்ச் 22

இன்றும் பேசவில்லை. வேலை முடிந்து கோயிலுக்குப் போனேன். அம்மனை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. என்ன ஆச்சு என்று உத்தமன் கேட்டார், அவரிடமும் சொல்லிவிட்டேன். ஒரு தடவை வாய் திறந்தால் பிறகு எல்லாம் கொட்டுகிறது.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் மருமவ சென்னைக்குத் தனிக்குடித்தனம் போறேன்னு நின்னாம்மா. அப்போ நானும் ரெண்டுலயும் செவப்புதான் வெச்சேன்."

"அப்புறம்?"

"போயிட்டா. போன் பண்ணா இப்பவும் நல்லாதான் பேசறா."

இத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தேன். பூசாரியே இப்படி என்றால் அம்மனுக்கு நாங்கள் எல்லாம் பழகியிருப்போம்.

மார்ச் 24

நாகேஷ் ஊரிலிருந்து வந்ததும் இவரோடு போய் மஞ்சள் வண்டியின் பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தானாம். பிரேக் டிரம்முக்குள் காய்ந்த சேறு. பைப்பெல்லாம் துரு, தட்டினால் உதிர்கிறதாம். "லோடு ஏத்தி ஒரு எறக்கம் எறங்கியிருந்தா அவ்ளோதான் அக்கா" என்றான் போனில். மஞ்சுநாத் அட்வான்ஸைத் தரமாட்டேன் என்கிறான். போகட்டும்.

இவர் வீட்டுக்கு வந்து சாப்பாடு போடு என்றார். நாலு நாளில் முதல் பேச்சு. போட்டேன். சாப்பிட்டுவிட்டு, "நாத்தம்னு நீ சொன்னப்பவே எறங்கிப் பாத்திருக்கணும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தட்டைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அது போதும்.

மார்ச் 27, ஞாயிறு

முதல் வண்டி அங்கேயேதான் நிற்கிறது. தேய்ந்த டயரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் போய்விடுகிறார்களாம். என்னையும் வரச் சொன்னார். நான் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பச்சை வெளுத்து, ஓரத்தில் எல்லாம் நசுங்கி, பார்க்க லட்சணமாகவே இல்லை.

"அக்கா, மொதல்ல நீங்க மோந்து பாருங்க. அப்புறம் நான் ஜாக்கி போடறேன்" என்றான் நாகேஷ். கேலிதான். ஆனாலும் ஏறினேன். சீட்டைத் தூக்கச் சொல்லி மூக்கை வைத்துப் பார்த்தேன். டீசல், பழைய படுதா, கிரீஸ். விரலில் தூசிதான் வந்தது, வண்டல் இல்லை. நாகேஷ் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையை ஆட்டினான்.

யார்டுக்காரர், "சாமிகிட்ட கேக்கணும்னு போனீங்களே சார், கேட்டாச்சா?" என்றார்.

"இன்னைக்கு அம்மாவக் கேக்கல" என்றார் இவர். என் பக்கம் திரும்பினார். "யசோ, எடுக்கலாமா?"

அத்தனை பேர் எதிரில். நாகேஷ் ஸ்பேனரைத் துடைக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்டிருப்பார், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நாளைக்கே டாக்டர் மேடத்தின் காருக்குப் போயிருப்பார், சாயந்திரம் தினமும் வீட்டில் இருந்திருப்பார். எத்தனை நாளாக நான் கேட்டது அதுதானே? ஒரு பொட்டலமும் கட்ட வேண்டாம், ஒரு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்தது. அவர் கை பானெட் மேல் இருந்தது. மாட்டைத் தடவுகிற மாதிரி அதைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பயமாத்தாங்க இருக்குது. எடுத்தாலும் எடுக்காட்டியும் அது போவாது" என்றேன். "எடுங்க."

ஏப்ரல் 19

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து இவர் செருப்பு தேய்ந்துவிட்டது. டயர் புதுசு. பச்சையைச் சுரண்டி நீலம் அடித்தாகிவிட்டது. தொட்டி ஏறிவிட்டது. நீலம் எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லவும் செய்தேன்.

மே 17, செவ்வாய்

பேய் மழை. லேஅவுட்டில் மற்ற டேங்கர்கள் எல்லாம் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டனவாம், இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மத்தியானம் போனார். போன் செய்தால் அடிக்கிறது, எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். பிரேக்கைப் போன வாரம்தான் நாகேஷ் பார்த்தான். பார்த்தான் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். ரூபினி என்னைப் பார்த்து, "உக்காரும்மா, தரை தேஞ்சிடும்" என்கிறாள்.

வந்துவிட்டார். முழங்கால் வரை சேறு. தலையைத் துவட்டிக்கொண்டு, நாளைக்கும் இதே மழை என்றால் போகட்டுமா என்று கேட்டார். முதலில் சாப்பிடுங்கள், பிறகு சொல்கிறேன் என்றேன்.