இரண்டாவது நிபந்தனை

திருவொற்றியூர்
12-2-1947

என் கணவருக்கு,

பஞ்சாயத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்று கல்மண்டபம் முழுக்கப் பேச்சாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள், எனக்குப் பின் சேர்த்துக்கொண்ட பூவம்மாவை விட்டுவிட்டு என்னிடம் திரும்பவேண்டும். அவள் எல்லார் முன்னிலும் என் காலில் விழுந்து, தப்பு முழுவதும் தன்னுடையது என்று சொல்லவேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைக் கேட்டு வாங்கியது நான்தான். நீங்கள் வாங்கித்தரும் பூவோடு அவள் தலை மண்ணில் படுவதைப் பார்க்க அவ்வளவு ஆசை எனக்கு.

இன்று வகுப்பில், முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு நடந்த சமாதானத்தைப் பாடமாக நடத்தினேன். ‘யுத்தத்துக்குக் காரணம் நாங்கள்தான்’ என்று தோற்ற ஜெர்மனியிடம் ஜெயித்தவர்கள் கையெழுத்து வாங்கியதைச் சொன்னேன். உங்கள் மகள் அமிர்தம் எழுந்தாள். அப்படியே உங்கள் புருவம். என் வயிற்றில் பிறந்திருக்கவேண்டிய புருவம்.

“இன்னா டீச்சர், பெரியவங்க கையெழுத்து போட்டுட்டாங்க, சரி. அத்தப் பாத்துகினு இருந்த புள்ளைங்க சும்மாவா இருந்துச்சிங்க?”

“இல்லம்மா. வளர்ந்ததும், பழிவாங்கலாம் வான்னு கூப்பிட்டவன் பின்னால போனாங்க. அடுத்த யுத்தம் வந்துச்சு.”

“பின்ன, வராம?” என்று உட்கார்ந்தாள். வகுப்பே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை தன் அம்மாவின் பக்கத்தில் அவளும் நிற்பாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பஞ்சாயத்துத் தலைவரிடம் சொல்லி அந்த இரண்டாவது நிபந்தனையை எடுத்துவிடுங்கள். பூவம்மாவை மன்னித்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். அவள் பெயரை எழுதும்போதே கை எரிகிறது.

முதல் நிபந்தனை அப்படியே இருக்கட்டும். உங்களை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்காக அமிர்தம் என்னை வெறுப்பாள். அவளுக்குப் பாடம் நடத்தப்போகிறவளும் நான்தான். தினமும் அந்த முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதலில் உங்கள் கைபிடித்தவள்